பின்னுதைப்பின் திசை

புதுச்சேரியையும் துப்பாக்கியையும் சேர்த்து எண்ணுகிறவர்களுக்கு முதலில் நினைவில் எழுவது வ.வே.சு. ஐயரின் பெயர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாக நாம் படிக்கும் அதே ஐயரிடம்தான் வாஞ்சிநாதன் பிரெஞ்சு மண்ணில் குறிபார்த்துச் சுடப் பழகினார் என்பது வரலாறு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட கைத்துப்பாக்கி வெடிமருந்தால் இயங்குவது. அவ்வகைத் துப்பாக்கி எதுவாயினும் குண்டு முன்னே பாயும். உதைப்பு சுடுகிறவரை நோக்கி வரும்.

இரு திசையிலும் உதைக்கும் துப்பாக்கி ஒன்று உண்டு. வீர வரலாறுகளில் அதற்கு இடமில்லை. திருவிழாக்களிலும் மெரினா மணலிலும் பலூன் சுடும் கடைகளில் நாம் கையில் வாங்கிப் பார்த்திருக்கும் ஸ்பிரிங் ஏர்கன்தான் அது. அதன் மேல் தொலைநோக்கிக் குறிகாட்டியை, அதாவது ஸ்கோப்பை, அசையாமல் நிறுத்துவது ஒரு நூற்றாண்டுக் கைவினையைச் சோதித்த சிக்கல். சிறிய சிக்கல்தான், ஆனால் மனிதன் தன் தவற்றையும் தன் கருவியின் தவற்றையும் எப்படிப் பிரித்தறிகிறான் என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது.

காற்றால் எறிவது நமக்குப் புதிதன்று. தென் தமிழகத்தில் சிறு பறவைகளை வேட்டையாடப் பயன்பட்ட ஊதுகுழலுக்குச் சுங்குத்தான் என்று பெயர். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் தென்னிந்திய ஊதுகுழல்களையும் வளரியையும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். சுங்குத்தானில் உந்துவது மூச்சு. உதைப்பு என்று சொல்ல ஏதுமில்லை. ஆஸ்திரியப் படை 1780இல் ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கி, அடிக்கட்டையிலேயே அழுத்தக் காற்றைச் சேமித்து வைத்தது. அதன் உதைப்பும் மென்மையானதே. ஆனால் அந்தக் கலத்தை நிரப்ப ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பம்பு அடிக்க வேண்டும். எளியவர் கைக்குக் காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு சேர்த்தது ஸ்பிரிங்தான். பர்மிங்காம் நகரத்து லிங்கன் ஜெஃப்ரீஸின் வடிவமைப்பில் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905 முதல் செய்த துப்பாக்கிகள் இவ்வகையின் முன்மாதிரிகள் ஆயின.

இதன் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டுக் கனமான பிஸ்டனை முன்னே எறிகிறது. அதற்கு எதிர்வினையாகத் துப்பாக்கி பின்னே நகர்கிறது. அடுத்த கணம் உருளையின் முனையில் நெருக்கப்பட்ட காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்துகிறது. பிஸ்டனின் வேகம் முழுவதும் துப்பாக்கியின் உடலுக்கு மாறி அதை முன்னே இழுக்கிறது. இவையெல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். முன்னோக்கிய இந்த இரண்டாவது வெட்டு திடீரென்று வருவதால், மேலே அமர்ந்திருக்கும் ஸ்கோப் தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. நகரும் பேருந்து சட்டெனப் பாயும்போது நிற்பவர் பின்னே சாய்வது போன்றதுதான் இதுவும். ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரு மயிரிழை. நூறு சுடுதலில் கண்ணுக்கே தெரியும் நகர்வு. வெடிமருந்துத் துப்பாக்கியில் ஸ்கோப் முன்னே வழுக்கப் பார்க்கும். இங்கோ சுடுபவரின் கண்ணை நோக்கி ஊர்ந்து வரும்.

சாதாரண இரும்புக் குறிமுனைகள் இருந்தவரை இது யாரையும் வருத்தவில்லை. இங்கிலாந்தின் மேகம் டவுன் என்ற சிற்றூரில் 1980இல் ஃபீல்டு டார்கெட் என்னும் போட்டி தொடங்கியது. வெவ்வேறு தொலைவுகளில் வைத்த சிறு உலோக உருவங்களைக் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்த வேண்டும். ஸ்கோப் இன்றியமையாததாயிற்று, வழுக்கலும் பேசுபொருளாயிற்று.

முதலில் கண்ட தீர்வு இறுகப் பிடிப்பது. துப்பாக்கியின் மேற்புறத்தில் 11 மி.மீ. அகலத்தில் வெட்டிய இரு பள்ளங்களை மவுண்ட்டின் தாடைகள் கவ்வுகின்றன. எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுப்பது, இரண்டு தனி வளையங்களுக்குப் பதில் நீண்ட ஒற்றை மவுண்ட்டைப் பொருத்திப் பிடிபரப்பைக் கூட்டுவது ஆகியவை உண்மையிலேயே பயன் தந்தன. அதற்கு மேல் திருகாணியை முறுக்கியவர்கள் அலுமினிய மரையை அழித்தார்கள். ஸ்கோப்பின் குழாயை நசுக்கினார்கள். உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இழப்பின் வழியாகவே கற்க வேண்டியிருந்தது.

அடுத்தது தடுப்பது. மவுண்ட்டின் அடியிலிருந்து இறங்கும் ஒரு முளை, துப்பாக்கியில் முன்பே இட்ட துளைக்குள் அமரும். துளை இல்லாதவற்றில் மவுண்ட்டுக்குப் பின்னால் தனியே ஒரு தடுப்புக் கட்டை. குறுக்குப் பள்ளங்கள் கொண்ட தண்டவாளமாயின், மவுண்ட்டின் குறுக்குத் திருகாணியைப் பள்ளத்தின் பின்சுவரில் ஒட்டி வைத்தபின் முறுக்க வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கியில் பழகியவர்கள் வழக்கப்படி முன்சுவரில் ஒட்டி வைப்பார்கள். அந்த இடைவெளியே முதல் நாளின் வழுக்கலுக்குப் போதும். துளை இல்லையென்று நாமே துளையிடுவது தவறு. அந்த உருளைக்குள்தான் பிஸ்டன் ஓடுகிறது.

மூன்றாவது தீர்வு அசையவிடுவது. ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் 1960களில் செய்த போட்டித் துப்பாக்கிகளில் குழலும் உருளையும் சேர்ந்து கட்டையின் மேல் சறுக்கின. தோளில் இருந்த கட்டை அசையவில்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1966இல் உலகப் போட்டிகளிலும் 1984இல் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. பின்னாளில் ஸ்கோப்பையே சறுக்கவிட்டு மீண்டும் தன் இடத்துக்குக் கொண்டுவரும் மவுண்ட்டுகளும் இதே எண்ணத்திலிருந்து பிறந்தன.

ஒலிம்பிக் களம் இச்சிக்கலைக் கடந்துவிட்டது. 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், கடலூரில் பிறந்து, பெயரிலேயே குறளின் கடவுள் வாழ்த்தைச் சுமக்கும் இளவேனில் வாலறிவனும் கையாண்டவை முன்கூட்டியே காற்று அடைத்த, உதைப்பு ஏறக்குறைய இல்லாத துப்பாக்கிகள். அங்கே ஸ்கோப்புக்கு அனுமதியும் இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கி எளிய வீட்டுப் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பதில்லை, விலையும் எட்டக்கூடியது.

அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். முன்வளையத்துக்கும் பின்வளையத்துக்கும் இடையே 100 மி.மீ. என்று கொள்வோம். பின்வளையம் பக்கவாட்டில் 0.1 மி.மீ. விலகினால் 10 மீட்டர் தொலைவில் குறி 10 மி.மீ. தவறும். குண்டின் விட்டத்தைப் போல இரு மடங்குக்கும் அதிகம். பிள்ளை மூச்சைக் குறை சொல்வான். விரலைக் குறை சொல்வான். இறுதியில் தனக்குக் கைவராத கலை என்று துப்பாக்கியைப் பரணில் ஏற்றிவிடுவான். உண்மையில் தவறியது ஒரு திருகாணி.

இதைக் கண்டறிய வேண்டிய செலவு ஒரு துளி நகச்சாயம். மவுண்ட்டின் பின்விளிம்பும் தண்டவாளமும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஐம்பது முறை சுட்டபின் பார்க்க வேண்டும். கோடு பிளந்திருந்தால் குற்றம் கையுடையதன்று. தேவைப்படும் தடுப்புக் கட்டையோ எஃகுத் துண்டில் செய்யக்கூடிய எளிய வேலை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் லேத்தும் மில்லிங்கும் அறிந்தவருக்கு அது ஒரு பொருட்டன்று. உதைப்பு எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மட்டும் அவரிடம் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். கட்டையை முன்பக்கம் வைத்தால் அது வெறும் அலங்காரம்.

தன்னை நொந்துகொள்ளும் முன் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது, துப்பாக்கி பிடிக்காதவர்களுக்கும் நல்ல பழக்கம்.