விலைத் தரவு: திரட்டுவதா, வாங்குவதா?

விலைகளை ஆராய்பவருக்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. கடைகளின் இணையதளங்களிலிருந்து நிரல் எழுதி விலைகளைத் தாமே திரட்டலாம்; வெப் ஸ்கிரேப்பிங் என்பது இதுவே. அல்லது நீல்சன்ஐக்யூ போன்ற நிறுவனங்கள் பில் போடும் இடத்தில் பதிவாவதைத் தொகுத்து விற்கும் ஸ்கேனர் தரவை வாங்கலாம். இத்தேர்வு பெரும்பாலும் செலவுக் கணக்காகவே முடிந்துவிடுகிறது. தரவு யாருடைய தேவைக்காக உருவானது, அத்தேவை நம் கேள்வியைச் சிதைக்கிறதா என்பதே முதல் அளவுகோலாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அர்ஜென்டினாவில் 2007இல் அரசு புள்ளியியல் நிறுவனமான இண்டெக்கில் அரசியல் தலையீடு நிகழ்ந்தபின், பணவீக்க எண்கள் நம்பகம் இழந்தன. தனியார் மதிப்பீடுகளை வெளியிட்ட ஆலோசனை நிறுவனங்கள்மீது 2011இல் தலா 5 லட்சம் பெசோ அபராதம் விழுந்தது. பொருளியலாளர் ஆல்பர்ட்டோ கவாலோ சூப்பர்மார்க்கெட்டுகளின் இணைய விலைகளை நாள்தோறும் திரட்டிக் கணித்த பணவீக்கம், அரசு எண்ணைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. பிரேசில், சிலி, கொலம்பியா ஆகிய நாடுகளிலோ இதே முறை அரசு எண்களோடு பெரிதும் ஒத்துப்போனது. எனவே பிழை முறையில் இல்லை என்பது தெளிவாயிற்று.

அரசியல் தலையீடு இல்லாத இடத்திலும் விலைக்கு வாங்கும் தரவில் சிதைவு நுழையலாம். ஸ்கேனர் தரவில் பெரும்பாலும் வார விற்பனைத் தொகையை விற்ற எண்ணிக்கையால் வகுத்தே விலை பெறப்படுகிறது. 5 டாலர் பொருள் வாரத்தின் நடுவில் 4 டாலராகி, இரு விலையிலும் சம அளவு விற்றால், அந்த வாரத்தின் விலை 4.50 எனப் பதிவாகும். ஒரே ஒரு டாலர் இறக்கம், இரண்டு அரை டாலர் இறக்கங்களாகத் தோன்றும். சந்தை ஆய்வுக்காக வாங்குபவருக்கு இதனால் இழப்பில்லை. விலைகள் எத்தனை நாள் மாறாமல் நிற்கின்றன என்று கேட்பவருக்கோ விடையே பிழையாகிவிடும். கவாலோ 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

திரட்டலுக்கும் எல்லைகள் உண்டு. எத்தனை விற்றது என்பதை இணையப் பக்கம் சொல்லாது. ஆகவே நுகர்வின் அளவையோ, குறியீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் தரவேண்டிய எடையையோ ஆராய்பவர் ஸ்கேனர் தரவை வாங்கத்தான் வேண்டும். சேமிக்காமல் விட்ட நேற்றைய விலையையும் இன்று திரட்ட இயலாது. இணைய விலை கடை விலையைக் காட்டுமா என்ற ஐயமும் நியாயமானதே. 10 நாடுகளின் 56 பெரிய வணிக நிறுவனங்களை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டும் சுமார் 72 சதவீத நேரம் ஒன்றாகவே இருந்தன. இது நம்பிக்கை தருகிறது; ஆனால் எஞ்சியதை ஒவ்வொரு ஆய்விலும் சோதித்தாக வேண்டும்.

கவாலோவின் திரட்டல் முறையே 2011இல் பிரைஸ்ஸ்டாட்ஸ் என்ற நிறுவனமாகி, அதன் குறியீடுகள் விற்பனைக்கு வந்தன. ஒருவர் திரட்டியது இன்னொருவருக்கு வாங்கும் தரவாகிறது. ஆகவே வழி எதுவாயினும், மூல விலை ஆய்வாளர் கைக்கு வரும்வரை எங்கே சராசரியாக்கப்பட்டது, எங்கே விடுபட்டது நிரப்பப்பட்டது என்று தடம் பிடிக்க முடிய வேண்டும். அந்த விவரத்தைத் தர மறுக்கும் விற்பனையாளரின் தரவும், தன் நிரலையும் திரட்டிய நாட்களையும் பதிவுசெய்யாத ஆய்வாளரின் தரவும் ஒரே அளவில் ஐயத்துக்குரியவை. ஆய்விதழ்கள் இந்த விவரத்தைக் கட்டுரையோடு சேர்த்துக் கோருவதே இதற்கான நேர்மையான தீர்வு.