அடிபட்ட தசை ஆறுவது எப்படி? ஜீன்களுக்கு சுவிட்ச் போடும் புரதங்கள்!

அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டியில் கபடி ஆடும் ஒரு இளைஞருக்குத் தொடைத் தசை லேசாகக் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில வாரம் ஓய்வெடுத்தால் மறுபடியும் களத்தில் இறங்கிவிடுவார். அப்போ, கிழிந்த இடத்தில் புதுத் தசை எங்கிருந்து வந்தது?

தசைக்குள் காத்திருக்கும் செல்கள்

முதிர்ந்த தசைநார் மறுபடி பிரிந்து பெருகாது. ஆனால் அதை ஒட்டியே 'சாட்டிலைட் செல்' எனும் தசை ஸ்டெம் செல்கள் உறங்கிக் கிடக்கும். 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ இவற்றைக் கண்டறிந்தார். அடிபட்டதும் இவை விழித்து, பெருகி, ஒன்றோடொன்று இணைந்து தசைநாராகின்றன.

தசையாக மாறச் சொல்வது யார்?

தோல், கல்லீரல், தசை எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்பதில்தான் வித்தியாசம். அதைத் தீர்மானிப்பவை, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொள்ளும் சில புரதங்கள்.

* மயோ-டி: தசைக்கான முக்கிய சுவிட்ச். 1987-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஹெரால்ட் வைன்ட்ராப் குழுவினர், இதன் ஜீனை எலியின் இணைப்புத் திசு செல்களுக்குள் செலுத்தினர். அவை தசைச் செல்களாகவே மாறின.
* மயோஜெனின்: செல்கள் தசைநாராக முதிர உதவுவது. இது இல்லாத எலிக்குட்டிகள் தசை சரியாக உருவாகாமல், பிறந்ததுமே இறந்தன.
* ஐடி: இது பிரேக். மயோ-டியோடு ஜோடி சேரும் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்தியாவில் நடந்த ஆய்வு

ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் தசை ஸ்டெம் செல்களை ஆராய்ந்தவர் ஜோத்ஸ்னா தவான். இஸ்ரோ முன்னாள் தலைவர் சதீஷ் தவானின் மகள். எம்எல்எல்5 என்ற புரதம், செல் பிரிவதற்கு உதவும் ஒரு ஜீனை அடக்கி, தசையாக மாற வழிவிடுகிறது என்று இவரது குழு 2009-ல் தெரிவித்தது.

பெற்றோர் ஏன் தெரிஞ்சுக்கணும்?

டுஷென் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும். டிஸ்ட்ரோஃபின் ஜீன் பழுதாவதால் தசை திரும்பத் திரும்பச் சிதையும். ஸ்டெம் செல்களால் ஒரு கட்டத்துக்கு மேல் ஈடுகொடுக்க முடியாது. முழுமையாகக் குணப்படுத்தும் சிகிச்சை இன்னும் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு மருந்தும் பிசியோதெரபியும் பாதிப்பைத் தள்ளிப்போடும்.

சிறுவன் அடிக்கடி கீழே விழுகிறானா? படியேறத் திணறுகிறானா? தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறானா? 'சோம்பேறி' என்று திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்க. 'சிகே' எனும் ரத்தப் பரிசோதனையிலேயே முதல் துப்பு கிடைத்துவிடும்.