ஆக்ஸ்பர்க் உடன்படிக்கையில் விடுபட்டோர்

முப்பதாண்டுப் போரைக் (1618–1648) கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்தாந்தருக்கும் நடந்த போர் என்றே நாம் வகுப்பில் கூறிவிடுகிறோம். ஆயின் 1620-இல் லுத்தரனாகிய சாக்சனிச் சிற்றரசர் யோகான் ஜார்ஜ், கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் பெர்டினாந்துக்காக லுசாத்தியா நாட்டின்மேல் படையெடுத்தது ஏன்? அந்நாட்டின்மேல் அவர் கொண்ட ஆசை ஒரு காரணம். மற்றொன்று பழையது, கூறவும் நமக்குக் கூச்சந்தான்.

1555-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, கத்தோலிக்கம், லுத்தரனியம் இரண்டில் ஒன்றைத் தம் நாட்டுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சிற்றரசர்களுக்கு அளித்தது. இசையாத குடிகள் உடைமையை விற்று வெளியேறலாம். கால்வினியருக்கோ அதில் இடமில்லை. இடமளிக்க லுத்தரன் இறையியலார் பலர் விரும்பவுமில்லை.

கிளர்ந்தெழுந்த பொகீமியர் 1619-இல் முடிசூட்டிய ஐந்தாம் பிரடெரிக் ஒரு கால்வினியர். வெண்மலைப் போரில் அவர் தோற்றார். 1622-இல் பிராகா நகரின் லுத்தரன் போதகர்களும் வெளியேற்றப்பட்டனர். யோகான் ஜார்ஜின் முறையீடு எடுபடவில்லை. கால்வினியருக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1648-இல்தான்.