மேட்டூர் அலுமினியத் தொழில்

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலைக்குத் தெற்கே நிற்கும் சேர்வராயன் மலையின் பாக்சைட்டை நம்பி, காவிரிக்கரையில் மேட்டூரில் வளர்ந்து ஓய்ந்த தொழில்.

சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1898இல் கலைப்பள்ளியில் அவர் தொடங்கிய சோதனைக்கு வெளிநாட்டுத் தகடுதான் மூலப்பொருள். மண்ணிலிருந்தே உலோகம் எடுக்க, 1960இல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி பதிவானது. இத்தாலியின் மான்டெகாட்டினி நிறுவனம் தொழில்நுட்பம் தர, 1965இல் உற்பத்தி தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கு அது 'மால்கோ'. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் லாரிகள் பாக்சைட் இறக்கின.

மலைகள் பக்கத்தில் இருந்தது வசதிதான். ஆனால் இந்தத் தொழிலின் தலையெழுத்தை எழுதுவது மண் அல்ல, மின்சாரம். ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினாவும், அதிலிருந்து ஒரு டன் உலோகமும் கிடைக்கும். அலுமினாவைக் கிரையோலைட் குழம்பில் கரைத்து, சுமார் 950 டிகிரி வெப்பத்தில், கார்பன் மின்முனை வழியே மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். தொட்டி ஒன்றுக்கு நான்கைந்து வோல்ட் போதும். ஆனால் அது இரவு பகல் அறுபடக் கூடாது. சில மணி நேரம் மின்சாரம் நின்றால் குழம்பு உறைந்துவிடும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மின்வெட்டு வாடிக்கையான மாநிலத்தில் இப்படியோர் ஆலை! நலிந்து மூடிக்கிடந்த மால்கோவை 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் வாங்கியது. 1999இல் 75 மெகாவாட் சொந்த அனல்மின் நிலையம் வந்தபின் ஆலை நிமிர்ந்தது. உருக்குதிறன் ஆண்டுக்கு 40,000 டன்னை எட்டியது.

அந்த நிமிர்வு பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. லண்டன் உலோகச் சந்தையில் 2008 ஜூலையில் டன் 3,300 டாலரைத் தாண்டிய விலை, டிசம்பரில் சுமார் 1,500 டாலருக்கு விழுந்தது. அன்றைய மதிப்பில் அது 72,000 ரூபாய். ஒரு டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் தேவை. யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தால் மின்சாரத்துக்கே 70,000 ரூபாய் போய்விடும். நிலக்கரியோ தொலைவிலிருந்து வர வேண்டும். கொல்லிமலைச் சுரங்கம் தொடர்பான சுற்றுச்சூழல் வழக்கும் உயர் நீதிமன்றம் ஏறியிருந்தது. 2008 இறுதியில் உருக்காலை நின்றது. மீந்தவற்றில் பெரியது, பாக்சைட்டைக் காரத்தில் கரைத்தபின் ஒதுங்கும் சிவப்புச் சேறு.

தொழில் நிலக்கரி இருக்கும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஒடிசாவின் ஜார்சுகுடாவில் மட்டும் இன்று ஆண்டுக்கு 17 லட்சம் டன்னுக்கு மேல் உருக்க முடியும். உலக உற்பத்தியில் இந்தியா சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. ஆனால் நிலக்கரி மின்சாரமே அதன் பலவீனமும் ஆகிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி உலோகத்தின் கார்பனுக்கு விலை வைக்கத் தொடங்கிவிட்டது.

பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க, புதிதாக எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றலே போதும். வண்டி உதிரிபாகம் வார்க்கும் ஓசூரும் கோவையும் பக்கத்திலேயே இருக்கின்றன. மலையில் மண் இருக்கிறது என்பதற்காக மட்டும் மேட்டூரில் மீண்டும் யாரும் முதல் போட மாட்டார்கள். இந்த வட்டாரத்துக்கு இனி ஓர் அலுமினிய ஆலை வந்தால், அது பழைய உலோகத்தை உருக்குவதாகத்தான் இருக்கும்.