ஓவியத்துள் ஒளிந்த பொருளும் தேடும் கண்களும்

1573ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள், வெனிஸ் நகரின் சமயக் குற்ற விசாரணை மன்றத்தின் முன் பாவோலோ வெரோனேசே என்னும் ஓவியர் நிறுத்தப்பெற்றார். அவர் திருச்சபையை மறுத்தவர் அல்லர். துறவியர் வேண்ட ஓவியம் வரைந்து கொடுத்தவர். அந்த ஓவியமே அவரைக் குற்றவாளிக் கூண்டுக்குக் கொண்டுவந்தது.

சாந்தி ஜோவான்னி எ பாவோலோ மடத்துத் தொமினிக்கன் துறவியரின் உணவுக்கூடத்தில் தித்சியானோ வரைந்த இயேசுவின் இறுதி இராவுணவு ஓவியம் ஒன்று இருந்தது. 1571இல் நேர்ந்த தீ விபத்தில் அஃது அழிந்தது. அவ்விடத்தை நிரப்ப வெரோனேசே ஏறத்தாழ 13 மீட்டர் அகலத்தில் பெரியதோர் ஓவியம் தீட்டினார். வெனிஸ் நகரத்துச் செல்வர் மாளிகை போன்ற மண்டபம், நடுவே இயேசு, சுற்றிலும் திருத்தூதர்கள். அவர்களோடு மூக்கில் குருதி வடியும் பணியாள், கையில் கிளியேந்திய கோமாளி, செருமானிய உடையணிந்த படைவீரர், ஒரு நாய் ஆகியோரும் ஆகியவையும் இடம்பெற்றிருந்தனர்.

மன்றத்தார் ஒவ்வோர் உருவத்தையும் சுட்டிப் பொருள் கேட்டனர். அந்தக் குருதி எதைக் குறிக்கிறது? செருமானிய வீரர் எதற்காக? இவ்வினாக்களை வெறும் அறியாமை என்று தள்ளிவிட இயலாது. லூத்தர் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்தால் ஐரோப்பா இரண்டுபட்டிருந்த காலம் அது. செருமனியில் திருச்சபையை எள்ளி நகையாடும் படங்கள் அச்சாகிப் பரவின. நற்கருணையில் இயேசு எவ்வாறு எழுந்தருளியிருக்கிறார் என்பது இரு தரப்பாரின் பெரும் பூசல்களுள் ஒன்று. அந்த நற்கருணை பிறந்த இராவுணவில் செருமானியருக்கும் கோமாளிக்கும் என்ன வேலை என்று அவர்கள் ஐயுற்றதற்குக் காலச்சூழலே காரணம்.

வெரோனேசே தந்த விடை எளியது. கவிஞர்க்கும் பித்தர்க்கும் உள்ள உரிமை ஓவியர்க்கும் உண்டு என்றார். வீட்டுத் தலைவர் பெருஞ்செல்வர் ஆதலால் ஏவலரும் காவலரும் இருத்தல் இயல்பு என்றார். ஓவியத்தில் இடம் மிஞ்சியது, உருவங்களால் நிரப்பினேன் என்றார். மூன்று திங்களுக்குள் தம் சொந்தச் செலவில் ஓவியத்தைத் திருத்த வேண்டும் என்பது தீர்ப்பு. ஆனால் கோமாளியும் வீரரும் நாயும் இன்றும் அதில் இருக்கின்றனர். மாறியது பெயர் ஒன்றே. லூக்கா நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தைச் சுட்டும் எழுத்துக்களைப் பொறித்து, வரிதண்டுவோனாகிய லேவியின் வீட்டு விருந்து என அதனை ஆக்கிவிட்டார். லேவியின் வீட்டில் பலரும் உண்டனர் என்று நற்செய்தியே கூறுவதால் தடை நீங்கியது. இன்று அவ்வோவியம் வெனிஸ் நகரின் அக்காதெமியா கலைக்கூடத்தில் உள்ளது.

பெயர் மாறியதும் குற்றம் மறைந்தது என்றால், குற்றம் எங்கே இருந்தது? வண்ணத்திலா, பார்ப்பவர் கொண்ட எதிர்பார்ப்பிலா? மறுமலர்ச்சிக்கால ஓவியங்களில் மறைபொருள் தேடுவோர் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டிய வினா இதுவே.

மறைபொருளே இல்லை என்று நான் வாதிடவில்லை. மைக்கேலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை சிஸ்டைன் சிற்றாலயத்தில் தீட்டிய ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தைக் காண்போம். அதன் ஆடையற்ற உருவங்களைப் பழித்தவர் போப்பாண்டவரின் சடங்குத் தலைவரான பியாஜோ த செசேனா. நரகத்தின் நடுவராகிய மினோசுக்கு அவருடைய முகத்தையே ஓவியர் அமைத்துவிட்டார் என வசாரி எழுதியுள்ளார். அம்முகத்திற்குக் கழுதைக் காதுகளும் உண்டு. புனித பர்த்தலமேயுவின் கையில் தொங்கும் உரித்த தோலில் மைக்கேலாஞ்சலோவின் முகமே இருப்பதாக 1925இல் பிரான்செஸ்கோ லா காவா என்னும் இத்தாலிய மருத்துவர் எடுத்துக்காட்டினார். அறிஞர் பலரும் அதனை ஏற்றனர். முன்னதற்குச் சமகாலச் சான்று உண்டு. பின்னதற்கு ஓவியரின் உருவப்படங்களோடு ஒப்புமை உண்டு.

அந்த ஓவியமும் தப்பவில்லை. டிரெண்ட் பொதுச்சங்கம் 1563 டிசம்பரில் திருவுருவங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டது. மைக்கேலாஞ்சலோ 1564 பிப்ரவரியில் மறைந்தார். 1565இல் அவருடைய அன்பர் தானியேலே த வோல்தெரா அவ்வுருவங்கள் சிலவற்றுக்கு ஆடை தீட்ட நேர்ந்தது. 1994இல் நிறைவுற்ற சீரமைப்பில் பிற்கால ஆடைகள் சில நீக்கப்பெற்றன. தானியேலே தீட்டியவை வரலாற்றுச் சான்றாக விடப்பெற்றன.

நம் காலத்தில் தேடல் வேறு திசையில் செல்கிறது. ‘ஆதாமின் படைப்பு’ ஓவியத்தில் இறைவனைச் சூழ்ந்த போர்வை மனித மூளையின் வடிவினது என்று அமெரிக்க மருத்துவர் மெஷ்பெர்கர் 1990இல் எழுதினார். மைக்கேலாஞ்சலோ பிணங்களை அறுத்து உடற்கூறு கற்றவர் ஆதலால் இக்கருத்து கவர்ச்சியுடையது. எனினும் ஓவியர் அதனைக் கருதினார் என்பதற்குச் சமகாலச் சான்று ஏதும் இல்லை. 2003இல் வெளிவந்த ‘டாவின்சி கோட்’ புதினமோ லியோனார்டோவின் இறுதி இராவுணவில் இயேசுவின் அருகே இருப்பவர் மகதலா மரியாள் என்றது. ஆயின் யோவானைத் தாடியற்ற இளைஞராக வரைதல் அக்கால மரபு. கிர்லாண்டாயோ 1480இல் பிளாரன்சில் தீட்டிய இராவுணவிலும் அவர் அவ்வாறே காட்சி தருகிறார். மேலும், உலர்ந்த சுவரில் தீட்டியமையால் லியோனார்டோவின் ஓவியம் விரைவிலேயே உதிரத் தொடங்கியது. பலமுறை பழுதுபார்த்த முகத்தின் மென்மையிலிருந்து மறைபொருள் வடித்தல் தகுமா?

வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. 1573இல் வெரோனேசேயின் ஓவியத்தில் நாயை நீக்கி மகதலா மரியாளை வரையச் சொன்னவர்கள் விசாரணை மன்றத்தாரே. பொருந்தாது என்று மறுத்தவர் ஓவியர். இல்லாத மரியாளை அன்று மன்றம் புகுத்த முயன்றது; இன்று புதினம் புகுத்துகிறது.

தமிழிலக்கணம் உள்ளுறை என்று ஒன்றை வகுத்தது. கருப்பொருளின் மரபு, கூறுவோர்க்கும் கேட்போர்க்கும் பொதுவாய் இருந்தமையால் அது பொருள் தந்தது. பொதுமரபோ சமகாலச் சான்றோ இல்லாத இடத்தில் நாம் கண்டெடுப்பது நம் எண்ணத்தையே. அன்றைய நடுவரும் இன்றைய புதிர்விரும்பிகளும் எதிரெதிர் முகாமினர் போலத் தோன்றினும், வழி ஒன்றே: எந்த உருவமும் வெறுமனே இருக்கக்கூடாது, ஒவ்வொன்றும் இரகசிய வாக்குமூலமாதல் வேண்டும் என்பது. விளைவுதான் வேறு. இன்று தவறாகப் படிப்பவர் ஒரு நூலை விற்கிறார். அன்று தவறாகப் படித்தவர் கையில் தண்டிக்கும் அதிகாரம் இருந்தது. மூக்கில் குருதி வடியும் அந்தப் பணியாள் நானூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் படிக்கட்டில் நிற்கிறான். அவனுக்கு ஏதோ விபத்து நேர்ந்திருக்கலாம் என்று மட்டுமே வெரோனேசே மன்றத்தில் சொன்னார். அந்த விடையை ஏற்கும் பொறுமையும் கலையறிவின் ஒரு பகுதியே.