ஜவ்வாது மலையில் காய மருத்துவம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இங்கே வாழும் மக்களில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. காட்டு வேலை, சாமை விதைப்பு, புளி உலுக்கல், தேன் எடுத்தல் என்று அரிவாளோடும் உயரத்தோடும் பிழைப்பவர்களுக்கு வெட்டுக்காயமும் எலும்பு முறிவும் புதியவை அல்ல. கரடி, விரியன், பேறுகால ரத்தப்போக்கு ஆகியவை அவற்றைவிடக் கொடியவை. ரத்தத்தை நிறுத்தும் வழியும் புண்ணை ஆற்றும் வழியும் ஒவ்வொரு காலத்திலும் இந்த மலையின் அடிவாரம் வரை வந்திருக்கின்றன. மலைமேல் ஏறத்தான் தாமதித்தன.

பழைய சான்றுகள்

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் நன்னன் என்ற குறுநில மன்னனின் நாட்டைப் பாடுகிறது. அவனுடைய செங்கண்மா இன்றைய செங்கம். நவிரமலை என்று அந்நூல் சொல்வது ஜவ்வாது மலைக்குப் பக்கத்திலுள்ள பர்வதமலை. மலைவழியில் கேட்கும் ஓசைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்லும் புலவர், புலி பாய்ந்து மார்பு கிழிந்த கணவர்களின் புண் தணியவேண்டிக் குறமகளிர் பாடும் பாட்டையும் அவற்றுள் சேர்க்கிறார். இந்த வட்டாரத்தில் காயம்பட்டவனுக்குச் செய்த பணிவிடை பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இது ஒன்று. பாட்டால் புண் ஆறாது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பாடுகிறவர் பக்கத்தில் இருக்கிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறார் என்பதையும் அந்த வரிகள் சொல்கின்றன. அரிசில் கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில், புண்பட்டவன் கிடக்கும் வீட்டில் வேப்பிலையும் இரவ இலையும் செருகி, வெண்கடுகு சிதறி, நறும்புகை இட்டுக் காக்கிறார்கள். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், வீரரின் மார்புக் காயத்தைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைக் குளத்தில் பாய்ந்தெழும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகிறார். தையல் போடுவதைக் கூர்ந்து பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும்.

ஆனால் பிழைக்காதவர்களே மிகுதி. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் அதற்குச் சாட்சி. ஆநிரை கவர்வதிலும் மீட்பதிலும் விழுந்தவர்களுக்குப் பல்லவர் காலத்தில் நட்ட கற்கள் இவை. அம்பு தைத்த உடலோடு நிற்கும் வீரனைச் சிலவற்றில் காணலாம். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், தலைவன் மாண்டபின் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலில் இக்கல்வெட்டுகளைத் தொகுத்தது.

செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கிறது. அதே ஆற்று நீர் பாலாற்றோடு கலக்கும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்தில் (சுமார் 1069) 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை நடந்தது. கோயில் சுவரிலுள்ள கல்வெட்டு அங்கே பணி செய்தவர்களைப் பட்டியலிடுகிறது: மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை என்ற அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மருந்துச் செடி கொண்டுவர இருவர், பணிவிடைப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உண்டு. மருத்துவமனையின் பயன் வேதம் கற்கும் மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்கும் உரியதாக இருந்தது. அதே ஆற்றின் தலைமாட்டில் இருந்த மலைவாசிக்கு அதில் பங்கில்லை.

மலைவாசியின் கையில் இருந்தது பச்சிலை. வெட்டுக்காயப் பூண்டு என்றும் மூக்குத்திப்பூண்டு என்றும் சொல்லப்படும் செடியின் இலையைக் கசக்கிச் சாறு பிழிவது இன்றும் தமிழகமெங்கும் உள்ள முதலுதவி. வழிவழியாக வந்த மருந்து என்று இதைச் சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தச் செடி வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்த செடியைச் சோதித்துப் பார்த்துப் பெயரும் வைத்துக்கொண்டார்கள் என்றால், மரபு மருத்துவம் உறைந்துபோன ஒன்றல்ல. தேனையும் இங்கே சொல்லவேண்டும். தூய்மைப்படுத்திய தேனைத் தீக்காயத்துக்கும் ஆறாப்புண்ணுக்கும் இன்றைய மருத்துவமனைகளும் பயன்படுத்துகின்றன. ஆனால் காயத்தில் மண்ணையும் சாணத்தையும் அப்பும் பழக்கத்துக்குச் சமாதானம் எதுவும் இல்லை. ரண ஜன்னியின் கிருமி வாழும் இடமே அவைதான்.

அடிவாரத்து மருத்துவமனைகள்

ஐரோப்பாவில் அம்புருவாஸ் பாரே காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவதைக் கைவிட்டு ரத்தக்குழாயை நூலால் கட்டத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டு. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ் பிடிப்பதைத் தடுத்துக் கட்டுரை வெளியிட்டது 1867. கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டறிந்தது 1901. இந்த மூன்றும் சேர்ந்த அறுவை மருத்துவம் ஜவ்வாது மலையின் வடக்கே வேலூருக்கு வந்தது மருத்துவர் ஐடா ஸ்கடர் வழியாக. 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியவர், 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் சாலையோர மரத்தடிகளில் மருத்துவம் பார்த்தது அவர் செய்த பெரிய காரியம். மேற்கே திருப்பத்தூரில் 1921-இல் ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தையும் அதனோடு ஒரு மருத்துவமனையையும் நிறுவினார்கள். ஊர் மக்களுக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன்.

புண் ஆறுவதைப் பற்றி உலகம் கொண்டிருந்த ஒரு தவறான நம்பிக்கை உடைந்ததும் வேலூரில்தான். 1946-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்ற பொதுக்கருத்தை ஏற்கவில்லை. அவர்களுடைய தசை மற்றவர்களின் தசையைப் போலவே ஆறியது. ஆறாததற்குக் காரணம் வலி தெரியாததே: சுடும் பாத்திரத்தைப் பிடிப்பார்கள், ஆணி குத்திய காலோடு நடப்பார்கள், ஆறத்தொடங்கிய புண்ணை மறுபடி மறுபடி இடிப்பார்கள். தூங்கும்போது எலி விரலைக் கடித்ததுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. வீடு திரும்பும் நோயாளிகளோடு பூனையையும் அனுப்பிவைத்தார்கள். மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் நாட்பட்ட பாதப்புண்ணும் மூடியது. மென்ரப்பர் செருப்பு தைக்கும் பட்டறை அறுவை அரங்குக்கு இணையான முக்கியம் பெற்றது. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையத்தில் இந்தப் பணி வளர்ந்தது. உணர்ச்சியற்ற பாதத்தோடு நடக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று உலகெங்கும் சொல்லப்படும் பாதப் பராமரிப்பு பெரிதும் இங்கே கற்ற பாடம்.

விரியன் கடி

ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் ரத்தம் நில்லாமல் போவதற்கு வெட்டரிவாள் மட்டும் காரணமல்ல. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு ரத்தத்திலுள்ள உறைபொருள்களைத் தீர்த்துவிடும். கடிவாய், ஈறு, சிறுநீர் என்று எங்கிருந்தும் ரத்தம் கசியும். இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கவேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் ஆகாது. உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்புதான். டேவிட் வாரல் குழுவினர் நைஜீரியாவில் செய்த பணியால் 1977-இல் அறிமுகமான இச்சோதனை மலையடி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

இங்கே பழைய முதலுதவிக்கும் புதிய மருத்துவத்துக்கும் நேர் மோதல் ஏற்படுகிறது. கை துண்டாகிப் பீறிடும் ரத்தத்துக்கு இறுக்கிக் கட்டுவது உயிர் காக்கும். அதே கட்டை விரியன் கடிக்குப் போட்டால் நஞ்சு ஒரே இடத்தில் தேங்கித் தசை அழுகும். அவிழ்க்கும்போது உடலெங்கும் பாயும். கடிவாயைக் கீறுவது அதைவிட மோசம், ஏனென்றால் உறையும் திறனை இழந்த ரத்தம் அந்தக் கீறல் வழியே நில்லாமல் போகும். வீங்கிய காலைப் பார்த்துப் பதறி அறுவை செய்யும் மருத்துவரும் இதே தவற்றைச் செய்யக்கூடும். முதலில் மாற்றுமருந்து, உறைதல் திரும்பிய பிறகே கத்தி. அந்த மாற்றுமருந்துக்கான நஞ்சை நாட்டுக்குப் பெருமளவில் தருபவர்களும் ஒரு பழங்குடியினரே. 1978-இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்தது. உடற்கூறாய்வுக்குப் பின் உடலோடு திரும்பிய ஆம்புலன்ஸ் சாலை இல்லாத இடத்தில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்து மலையேறினார். மருந்து இருந்தது, மருத்துவமனையும் இருந்தது.

தூரமும் ரத்தமும்

மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து அடிவாரத்துப் போளூர் சுமார் 40 கி.மீ. உட்கிராமங்களிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வருவதே பல நேரங்களில் டோலி கட்டித் தூக்கும் பயணம். பெருங்குழாய் அறுந்தால் உயிர் சில நிமிடங்களில் போகும். பிள்ளைபெற்ற பின் கருப்பை சுருங்காவிட்டால் ஓரிரு மணி நேரம் கிடைக்கலாம். 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையும், வேலூரில் 2005-இலும் திருவண்ணாமலையில் பின்னர் 2013-இலும் வந்த அரசு மருத்துவக் கல்லூரிகளும், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கி 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டமும் தூரத்தைக் குறைத்தன. சாலை முடியும் இடத்தோடு அவற்றின் கையும் முடிகிறது.

ஜப்பானிய ஆய்வாளர் உதாகோ ஒகமோட்டோ தம் கணவரோடு 1960களில் உருவாக்கிய டிரானெக்சாமிக் அமிலம், ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் விலை மலிந்த மருந்து. 40 நாடுகளில் 20,000-க்கு மேற்பட்ட காயமுற்றோரிடம் நடந்த ஆய்வு, அது உயிரிழப்பைக் குறைப்பதை 2010-இல் காட்டியது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். பேறுகால ரத்தப்போக்குக்கும் இந்தக் கணக்கே பொருந்தும் என்பதை 2017-இல் வந்த ஆய்வு சொன்னது. மலைக்கு ஏற்ற மருந்துதான். ஆனால் போன ரத்தத்தை அது திருப்பித் தராது.

ரத்தம் கிடைப்பதில் சட்டமும் குறுக்கே வந்தது. காசுக்கு ரத்தம் விற்பதை ஒழிக்க 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அதன்பின் இறுகிய விதிகளும் நகரங்களுக்கு நன்மை செய்தன. உறவினரிடம் ரத்தம் எடுத்து அங்கேயே சோதித்து உடனே ஏற்றிவந்த சிற்றூர் அறுவை மருத்துவர்களின் கையை அவை கட்டிப்போட்டன. 2001-இல் சிறு மருத்துவமனைகளுக்கு ரத்தச் சேமிப்பு மையம் வைக்க வழி பிறந்தது. அதற்கும் 2 முதல் 6 டிகிரிக் குளிர், தடையற்ற மின்சாரம், தாய் ரத்த வங்கி ஒன்று ஆகியவை வேண்டும்.

மலைமேலேயே அறுவை அரங்கு நடத்த முடியும் என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேடவேண்டாம். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்டிலிங்கியில், அங்கும் வாழும் மலையாளி மக்களுக்காக 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். ஒருவர் மயக்க மருந்து நிபுணர், மற்றவர் மகப்பேறு மருத்துவர். ஊர்ப் பெண்களுக்கே பணிவிடையும் தையலும் அரங்க வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். முழு அறுவை அரங்கு பின்னால் வந்தது. ஆட்கள் முதலில் உருவானார்கள். ஜவ்வாது மலைக்குத் திட்டம் தீட்டுவோர் கட்டடத்துக்கு முன் கவனிக்கவேண்டியது இந்த வரிசையைத்தான்.

சிவப்பணுக்களைச் சாதாரணப் பையில் 35 நாள்தான் வைத்திருக்க முடியும். வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகளின் ரத்த வங்கிகளை நம்பித்தான் மலையிலிருந்து இறங்கிவரும் டோலிகள் இருக்கின்றன. ஜவ்வாது மலைக் கோடை விழாவுக்கும் பீமன் அருவிக்கும் அந்த ஊர்கள் வழியே போகிறவர்கள், உடல்நலம் இடம் கொடுத்தால், ஏதேனும் ஒன்றில் இறங்கி ரத்தம் கொடுத்துவிட்டுப் போகலாம்.