சுகாவுக்குத் தொடர் இல்லை

சென்ற மாதம் புதுக்கோட்டையில் தோழர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய பிபிசி தொடரைப் பார்த்தோம். 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்'. முதல் உலகப்போரில் செவிலியராக இருந்த வேரா பிரிட்டன் 1933இல் வெளியிட்ட நினைவு நூலை, 1979இல் ஐந்து பகுதிகளாக எடுத்திருக்கிறார்கள். காதலர் 1915 டிசம்பரில் ஜெர்மானியர் சுட்டு இறந்தார். தம்பி 1918 ஜூனில் இத்தாலியில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில், பிரான்சின் எடாப்ல் முகாமில் காயம்பட்ட ஜெர்மன் கைதிகளுக்கு இதே வேரா கட்டுப் போட்டார். காதலனைக் கொன்ற படையின் ரத்தத்தைத் துடைத்த கை அது. நல்ல தொடர்தான், மாணவர்கள் பார்க்கலாம்.

ஆனால் பார்த்து முடித்ததும் நாங்கள் பேசியது வேறொருவரைப் பற்றி. அவர் பெயர் சுகா. ஐக்கிய மாகாணத்தின் பரேலியைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில், காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக நடந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தார். செவிலியர் கட்டுப் போடுவார், மலச்சட்டியை யார் எடுப்பது? அதற்காகவே சாதி பார்த்து ஆள் எடுத்துக் கப்பலேற்றியது பிரிட்டிஷ் ராணுவம். 1915 ஜனவரி 12 அன்று சுகா இறந்தார். வயது 30.

தீண்டத்தகாதவர் என்பதால் இந்துக்கள் அவரை எரிக்க மறுத்தார்கள், தம் மதத்தவர் இல்லை என்று முஸ்லிம்களும் புதைக்க மறுத்தார்கள் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கடைசியில் உள்ளூர்ப் பாதிரியார் தேவாலயக் கல்லறையில் இடம் கொடுத்தார். ஊர் மக்கள் கல் நட்டார்கள். எதிரிக்குக் கட்டுப் போடக் கை கிடைத்த அதே போரில், சொந்த நாட்டுப் பிணத்தைத் தொடக் கை இல்லை.

வெள்ளைக்காரன் நல்லவன் என்று இதை வைத்து யாரும் கதை கட்ட வேண்டாம். பிரைட்டன் அரண்மனையை 1914 இறுதியில் இந்தியர் மருத்துவமனையாக மாற்றியபோது, மதத்துக்கும் சாதிக்கும் ஏற்றபடி ஒன்பது சமையற்கூடங்கள் அமைத்தார்கள். இந்துக்களுக்கு ஒரு குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். சிப்பாய் மனம் கோணக் கூடாது, இந்தியாவில் ஆள் சேர்ப்பு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. சாதியைக் கடல் கடந்து கொண்டுபோனவர்கள் நம்மவர்கள், அதற்கு அடுப்பும் குழாயும் கட்டிக்கொடுத்தது பேரரசு. துப்புரவாளர், தண்ணீர் சுமப்பவர், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் எல்லாம் ராணுவக் கணக்கில் 'ஃபாலோயர்ஸ்', அதாவது பின்னால் வருபவர்கள். கூலியும் சிப்பாயைவிடக் குறைவு. ராதிகா சிங்கா எழுதிய 'தி கூலிஸ் கிரேட் வார்' என்ற நூல் இவர்களைப் பற்றியதுதான். ஆங்கிலம் கடினம் என்று ஒதுக்காதீர்கள், நான்கு பேர் சேர்ந்து படியுங்கள்.

தனிக்குழாய் என்றதும் எங்களில் ஒருவர் 'வேங்கைவயல்' என்றார். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்தில், தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் மிதந்தது. விசாரிக்கப் போன ஆட்சியருக்கு டீக்கடையில் இரட்டைக்குவளையும் தெரியவந்தது. அன்று தொட்டிமீது ஏறி உள்ளே பார்த்தவர்களும், அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் படுத்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர்களும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

நினைவு நூல் எழுத வேராவுக்குப் படிப்பு இருந்தது, பதிப்பாளர் இருந்தார். சுகாவுக்கு இருப்பது ஒரு கல். அதில் அவர் பெயரும் ஊரும் இருக்கின்றன. அவர் தாழ்மையான பணியாளர் என்பதையும் மறக்காமல் செதுக்கியிருக்கிறார்கள்.